சான்று தேடிச் சென்ற சான்றோர்: தனிநாயக அடிகளார்

ஆராய்ச்சி என்னும் சொல் இந்நாளில் எங்கும் வழங்குகின்றது. பல்கலைக்கழகம் புகுந்தோர் மட்டுமன்றிப் பள்ளியில் உயர்தர வகுப்பிற் பயில்வோரும் ஒரு பொருளைக் குறித்து ஆய்வறிக்கை எழுதும் காலம் இது. அவ்வறிக்கைகளிற் பலவற்றைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்துள்ளது. முகவுரை குறைவின்றி இருக்கும். முடிவுரையும் அழகாக அமைந்திருக்கும். ஆயின், நடுவே நின்று இரண்டையும் தாங்கவேண்டிய சான்று எங்கே பெறப்பட்டது, எவர் கண்டது, எவர் சொன்னது என்று வினாவினால் விடை கிடைப்பது அரிதாகின்றது. வினாக்கொத்தைப் பலருக்கும் பகிர்ந்து, திரும்பி வந்தவற்றை எண்ணிக் கூட்டிவிட்டால் தரவு திரட்டும் வேலை முடிந்தது என இளைஞர் பலர் எண்ணுகின்றனர்.

தரவு திரட்டும் முறைகளை விரித்துரைக்கும் நூல்கள் பல உள. நூல்களையும் ஆவணங்களையும் ஆராய்தல், நேரிற் சென்று அவதானித்தல், அறிந்தாரை வினாவுதல், கிடைத்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்தல் என அவை வகுத்துக் கூறும். அவ்விலக்கணத்தை மனனஞ் செய்தலினும், அதற்கு இலக்கியமாக வாழ்ந்த ஒருவரை அறிந்துகொள்ளுதல் மாணவருக்குப் பெரும்பயன் தரும். அத்தகைய ஒருவர் நமது தீவகத்திலேயே தோன்றினார். அவர்தாம் சேவியர் தனிநாயக அடிகளார். சமயத்தால் அவர் கத்தோலிக்கத் துறவி; தமிழால் அவர் எல்லார்க்கும் உரியவர். ஆதலின் இந்துக் கல்லூரியொன்றின் நிறைவு விழா மலரில் அவர் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு யாம் வேறு காரணம் கூறவேண்டுவதின்று.

பிறப்பும் இளமையும்

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி ஸ்தனிஸ்லாஸ் கணபதிப்பிள்ளை. அன்னையார் செசிலியா இராசம்மா. தந்தைவழி நெடுந்தீவோடு தொடர்புடையது. பிற்காலத்தில் அவர் தமக்குப் பெயராக ஏற்றுக்கொண்ட தனிநாயகம் என்பதும் அக்குடியின் முன்னோர் ஒருவர் தாங்கியிருந்த பெயரே. எமது மடத்துவெளியிலிருந்து கடல்நடுவே செல்லும் தாம்போதியைக் கடந்து வேலணை வழியாகப் போவார்க்குக் கரம்பொன் நெடுந்தொலைவன்று. நெடுந்தீவுக்குப் போவாரோ எமது தீவின் குறிகட்டுவான் துறையிலேதான் படகேறுகின்றனர். இவ்விரண்டு தீவுகளின் உறவிலே பிறந்த ஒருவர் பின்னர் உலகத்தின் துறைமுகங்கள் பலவற்றையும் மிதித்தார் என்பது தீவகத்தார் நினைந்து மகிழத்தக்கது.

ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் இளமைக் கல்வி முடிந்தது. துறவு வாழ்வை விரும்பிக் கொழும்பிலுள்ள குருமடத்திற் சேர்ந்து 1931 முதல் 1934 வரை பயின்றார். பின்னர் உரோமாபுரிக்குச் சென்று, 1938இல் குருப்பட்டம் பெற்று, சமய இயலில் கலாநிதிப் பட்டமும் எய்தினார். அந்நகரிலே தமிழறிந்த மாணவரை ஒன்றுசேர்த்து வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் அமைத்தார்.

உரோமாபுரியில் அவர் ஆராய்ந்த பொருள் தமிழோடு தொடர்புடையதன்று. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவின் கார்த்தேச்சு நகரில் ஆயராக இருந்த சிப்பிரியானின் காலத்துக் குருமார் நிலைபற்றியது அது. ஆயினும் அவருடைய பிற்காலப் பணி அனைத்துக்கும் அடிப்படை அங்கேதான் இடப்பட்டது என யாம் கருதுகின்றோம். அக்காலத்து நிலையை அறிவதற்குத் தலைமையான கருவி சிப்பிரியான் எழுதிய கடிதங்களே. கடிதம் எழுதுவோர் பிற்கால ஆராய்ச்சியாளரை மனத்திற்கொண்டு எழுதுவதில்லை. ஒருவரை வாழ்த்தும்போதும், ஒரு வழக்கைத் தீர்க்கும்போதும், ஒரு செலவைக் குறிக்கும்போதும், அக்காலத்து நடைமுறை தன்னையறியாமல் வெளிப்பட்டுவிடும். நிலைநாட்டவேண்டும் என்று ஒருவர் வற்புறுத்திச் சொல்வதைவிடப் போகிறபோக்கிற் சொல்லிச் செல்வதே பல வேளைகளில் வலிய சான்றாகும். மூலத்தை அதன் மொழியிலேயே படித்து, சிதறிக் கிடக்கும் குறிப்புகளைப் பொறுக்கி எடுத்து, ஒருமுகப்படுத்தும் பயிற்சியை அவ்வாய்வு அவருக்கு அளித்திருக்கும். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் முதலாய மொழிகளில் அவர் பெற்ற புலமை, பின்னர் பல நூலகங்களின் கதவுகளைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

மீண்டும் மாணவராதல்

1940இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்கு அடிகளார் ஆசிரியராக வந்தார். அங்கே புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியிற் பணி. உரோமாபுரியிற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், தமிழிலக்கியத்தைத் தாம் முறையாகக் கற்கவில்லை என்பதை அக்காலத்தில் உணர்ந்தார். உணர்ந்ததோடு நில்லாது, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து பாடங் கேட்டார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து தமிழிலே முதுகலைப் பட்டமும் அதன்மேல் இலக்கிய முதுமாணிப் பட்டமும் பெற்றார். கிறித்தவத் துறவி பிராமணப் பண்டிதரிடம் பாடங் கேட்டதும், சைவமணங் கமழும் சிதம்பரச் சூழலிற் சங்கச் செய்யுள் பயின்றதும் தமிழ் எல்லார்க்கும் பொதுவென்பதற்கு எடுத்துக்காட்டு.

அண்ணாமலையில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்பது. அது 1950களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. 1966இல் நிலமும் கவிதையும் எனப் பொருள்படும் வேறு பெயரோடு மறுபடியும் அச்சேறியது. சங்கப் புலவர் மலையையும் காட்டையும் வயலையும் கடலையும் பாலையையும் எவ்வாறு கண்டனர் என்பதை அவர் தொகுத்து, கிரேக்க, இலத்தீன் புலவர்தம் காட்சியோடு ஒப்பிட்டுக் காட்டினார். ஒப்பிடாமற் பெருமை பேசுதல் எளிது; ஒப்பிட்டபின் எஞ்சும் பெருமையே நிலைப்பது. இவ்வுண்மையை அந்நூல் மாணவருக்குக் கற்பிக்கின்றது.

ஈண்டு யாம் ஒன்று கூற விரும்புகின்றோம். தொல்காப்பியர் முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாக வகுத்து, முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்றார். தெய்வம், உணவு, மா, மரம், புள் என்பவை கருப்பொருள்; அவற்றை அடுத்து நிற்கும் ஒழுக்கம் உரிப்பொருள். செய்யுளுக்குக் கூறிய இம்முறை ஆராய்ச்சிக்கும் பொருந்துவதை நோக்குக. ஒரு சான்று கிடைத்தால் அது எந்நிலத்தது, எப்பொழுதினது என்பதை முதலிற் குறித்தல் வேண்டும். அதன்பின் அச்சான்றிற் காணப்படும் பொருள்கள். அவற்றுக்கும் பின்னரே அவற்றிலிருந்து நாம் எடுக்கும் கருத்து. இக்கால மாணவர் உரிப்பொருளிலே தொடங்கி, முதற்பொருளை மறந்துவிடுகின்றனர். நிலமும் பொழுதும் இல்லாத செய்தி வதந்தி. அவை இரண்டும் உடைய செய்தியே சான்று. அடிகளாருடைய வாழ்க்கை முழுவதும் இவ்விதிக்கு உரை எழுதியது போன்றது.

நூலகங்களை நாடி

1949 முதல் அடிகளார் கிழக்கிலும் மேற்கிலும் பல நாடுகளுக்குச் சென்று தமிழைப் பற்றிப் பேசினார். அப்பயணங்களை வெறும் சொற்பொழிவுப் பயணங்களாகக் கொள்ளலாகாது. சென்ற நகர்தோறும் நூலகத்தையும் அரும்பொருட்சாலையையும் நாடிப் பார்ப்பது அவர் வழக்கம். 16ஆம் நூற்றாண்டிலும் 17ஆம் நூற்றாண்டிலும் போர்த்துக்கேயரோடு வந்த குருமார் தமிழைக் கற்று, எழுதி, அச்சிட்டவை கடல்கடந்து சென்றுவிட்டன. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அவற்றின் பிரதிகள் எஞ்சவில்லை. வைத்திருந்த நாட்டாருக்கோ தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தார்க்கு அவை இருக்குமிடம் தெரியாது. இவ்விரு அறியாமைகளுக்கும் இடையே மூன்று நான்கு நூற்றாண்டு உறங்கிய நூல்களை எழுப்புவதற்கு, தமிழும் போர்த்துக்கேயமும் இலத்தீனும் ஒருங்கே அறிந்த ஒருவர் வேண்டியிருந்தார்.

1554ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இலிசுபன் நகரில் ஒரு சிறுநூல் அச்சாயிற்று. அது கிறித்தவ வேதத்தின் தொடக்கப் பாடங்களைத் தமிழிலும் போர்த்துக்கேயத்திலும் கூறுவது. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டு, வரியிடையே போர்த்துக்கேயப் பொருள் தரப்பட்டுள்ளது. இலிசுபனில் உள்ள அரும்பொருட்சாலையொன்றில் அந்நூல் பேணப்பட்டு வந்தது. அடிகளார் 1954இல் அதனை நேரிற் கண்டு தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அச்சாகிச் சரியாக 400 ஆண்டுகள் கழிந்திருந்தன. சிலர் அவர் அந்நூலைப் புதைபொருள்போலத் தோண்டியெடுத்தார் என்று கூறுவர். அது மிகை. அந்நாட்டார் அதனைப் பேணியே வைத்திருந்தனர். அது தமிழுக்கு எத்தகைய சான்று என்பதை உணர்த்தித் தமிழர்க்கு அறிவித்தமையே அடிகளாரின் பெருமை. ஒரு பெரியாரின் புகழை உள்ளவாறு உரைத்தலே அவர்க்குச் செய்யும் மரியாதை.

அச்சிறு நூலால் வரும் பயன் யாதெனின், அச்சு வரலாறு மட்டுமன்று. தமிழெழுத்தில் எழுதும்போது ககரம் ஒன்றே பல ஒலிகளுக்கும் நிற்கும். பேச்சின் வேறுபாடு எழுத்தில் மறைந்துபோகும். காதாற் கேட்டதைப் பிறமொழி எழுத்தில் எழுத முற்பட்டவன், தான் கேட்ட ஒலியை ஓரளவு அப்படியே பதித்துவிடுகிறான். ஆதலின் 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழர் எவ்வாறு பேசினர் என்பதற்கு அந்நூல் ஓர் ஒலிப்பதிவு போன்ற சான்றாகின்றது. சமயப் பாடம் கற்பிக்க எழுதியவர் மொழியியலாருக்குத் தரவு திரட்டித் தந்தார்! போகிறபோக்கிற் சொல்லப்படுவது வலிய சான்று என்று மேலே கூறியதனை இங்கே பொருத்திக் காண்க.

அதனைத் தொடர்ந்து ஏனைய பழைய அச்சு நூல்களையும் அடிகளார் ஆராய்ந்தார். ஹென்றிக் ஹென்றிக்கசு அடிகள் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாகியது. பதினாறு பக்கமே உடைய அந்நூல், தமிழெழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது. அதன் பிரதி அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது. அடுத்த ஆண்டு கொச்சியிற் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. 1586இல் வெளிவந்த அடியார் வரலாறு என்னும் பெருநூலின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. இவற்றையெல்லாம் இருக்குமிடம், ஆண்டு, அச்சிட்ட ஊர் என்பவற்றோடு வரிசைப்படுத்தி, 1958இல் தமிழின் முதல் அச்சு நூல்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையாக வெளியிட்டார். ஐரோப்பிய நூலகங்களிலுள்ள தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றியும் முன்னரே எழுதியிருந்தார்.

இவ்வரிசையில் யாம் தலைமையாகக் கருதுவது அந்தாம் தெ புரோவென்சா என்னும் போர்த்துக்கேயக் குருவின் தமிழ் அகராதி. 16,000க்கு மேற்பட்ட சொற்களுக்குப் போர்த்துக்கேயத்தில் பொருள் கூறும் அந்நூல், ஆசிரியர் மறைந்து சில ஆண்டுகளின் பின், 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதனைக் கண்டு குறிப்பெடுத்ததோடு அமையவில்லை. அதனை ஏடு ஏடாக நிழற்படம் எடுப்பித்து, 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக, மூலம் இருந்தபடியே பதிப்பித்தார்.

இதன் சிறப்பை மாணவர் உணர்தல் வேண்டும். ஆராய்ச்சியாளர் சிலர் அரிய சான்று ஒன்று கைக்கு வந்தால் அதனை மறைத்துவைத்துத் தம் முடிபை மட்டும் வெளியிடுவர். படிப்போர் அவர் சொல்லை நம்புவதன்றி வேறு வழியில்லை. அடிகளார் மூலத்தையே எல்லார் கையிலும் கொடுத்தார். தம் கூற்றை மறுப்பதற்கு வேண்டிய கருவியையும் அதனாலேயே பிறர்க்கு வழங்கினார். தரவு திரட்டுதல் என்பது பிறர் வந்து சரிபார்க்கத்தக்கவாறு வைத்தலோடுதான் நிறைவெய்தும்.

கண்ணும் செவியும்

நூலகமே உலகம் என்று அடிகளார் கருதினாரல்லர். தென்கிழக்காசிய நாடுகளுக்குச் சென்று, கோயில்களையும் சடங்குகளையும் மக்கள் வழக்குகளையும் நோக்கினார். சீயம் எனப்படும் தாய்லாந்தின் அரச சடங்குகளில், அந்நாட்டுப் பிராமணர் வழிவழியாக ஓதிவரும் பாடல்களுள் மணிவாசகரின் திருவெம்பாவை உண்டு என்பதை எடுத்துரைத்தார். ஓதுவார்க்கு அதன் பொருள் தெரியாது. உச்சரிப்பும் பெரிதும் திரிந்துள்ளது. அந்நாட்டில் அவ்விழாவுக்கு வழங்கும் திரியம்பாவாய் என்னும் பெயரிலே அப்பாடலின் பெயர் ஒலிக்கின்றது.

இத்தகைய சான்று எந்த நூலகத்திலும் கிடையாது. அது மனிதர் நாவில் இருப்பது. செவியாற் கேட்டு அறியவேண்டியது. கேட்பவருக்குத் திருவெம்பாவை முன்னரே தெரிந்திருத்தலும் வேண்டும். தெரியாதவன் காதில் அது பொருளற்ற ஒலியே. ஆகவே தரவு திரட்டப் புறப்படுமுன் திரட்டுவோன் தன்னைத் திரட்டிக்கொள்ள வேண்டும் என்பது பெறப்படும். வடக்கன்குளத்திற் பண்டிதரிடம் பாடங் கேட்ட ஆண்டுகள், கீழை நாடுகளில் இவ்வாறு பயன் தந்தன. மேலும், செவிச்செய்தி ஒன்றே போதுமெனக் கொள்ளலாகாது. அந்நாட்டின் தகுவாபாவிற் கிடைத்துள்ள 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, தமிழ் வணிகரின் இருப்பைக் கல்லிலே காட்டுகின்றது. நாவின் சான்றும் கல்லின் சான்றும் ஒரே திசையைக் காட்டும்போது முடிபு உறுதிப்படுகின்றது.

அறிஞரைத் திரட்டுதல்

ஒருவர் எவ்வளவு தேடினும் ஓர் ஆயுளிற் காணத்தக்கது சிறிதே. இதனை உணர்ந்த அடிகளார், தேடுவோர் பலரை ஒன்றுசேர்க்க முற்பட்டார். 1952இல் தமிழ்ப் பண்பாடு எனப் பொருள்படும் பெயரால் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் கற்ற பிறநாட்டறிஞரும் ஆங்கிலம் அறிந்த தமிழறிஞரும் ஒரே மன்றிற் சந்திக்க அவ்விதழ் இடமளித்தது. அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். இடையே இலண்டன் சென்று, பண்டைத் தமிழிலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனைபற்றி ஆராய்ந்து மற்றுமொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தலைவராகச் சென்று 1969 வரை அங்கே பணியாற்றினார்.

1964ஆம் ஆண்டு சனவரி மாதம் புதுதில்லியிற் கீழைத்தேய ஆய்வாளரின் அனைத்துலக மாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழார்வலரைத் தனியே கூட்டி, 7ஆம் நாள் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ஜோன் பிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக்கு நாட்டறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளராயினர். முதல் மாநாடு 1966 ஏப்பிரலிற் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968 சனவரியிற் சென்னையிலும், மூன்றாவது 1970இற் பாரிசிலும் நடந்தன.

மாநாட்டின் பந்தலும் ஊர்வலமும் பலர் நினைவில் நிற்கின்றன. எமக்கோ அவற்றினும் பெரியதாகத் தோன்றுவது, 1966இல் அவர் வெளியிட்ட தமிழியல் நூல்களின் வழிகாட்டி. தமிழைப் பற்றிப் பிறமொழியார்க்குப் பயன்படும் நூல்கள் எவை என்பதை ஆராய்ச்சியாளர் ஒரே இடத்திற் காணும்படி தொகுத்த நூல் அது. 1968இல் வெளிநாடுகளில் நிகழும் தமிழாய்வு பற்றிய கட்டுரைகளையும் தொகுத்தார். பட்டியல் இடுதலைச் சிலர் எழுத்தர் வேலை என இகழ்வர். பட்டியல் இல்லாத துறையில் ஒவ்வொருவரும் முன்னவர் நடந்த வழியை அறியாது முதலிலிருந்தே நடக்கவேண்டியதாகும். ஆய்வின் முதற்படி, பிறர் ஏற்கெனவே கண்டவை எவை என அறிதல்.

இறுதிக் காலம்

நான்காவது மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. பிறந்த மண்ணிலே உலகத் தமிழறிஞர் கூடியதை அடிகளார் கண்டார். இறுதி நாளாகிய 10ஆம் நாள் இரவு நிகழ்ந்த அவலத்தில் மக்கள் உயிரிழந்தமையையும் அவர் உள்ளம் தாங்கவேண்டியதாயிற்று. 1980இல் தந்தை செல்வா நினைவுப் பேருரையை நிகழ்த்தியபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள், தமிழாராய்ச்சியின் கடந்தகாலமும் வருங்காலமும் என்பது. அதே ஆண்டு செப்தெம்பர் மாதம் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்திலே இவ்வுலகு நீத்தார். அப்போது அவருக்கு வயது 67.

அவர் மறைந்து ஓராண்டு நிறையுமுன், 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அடிகளார் இருந்திருந்தால் என்செய்திருப்பார் என்று நினைந்து பார்த்தல் வீண். ஆயினும் ஒன்று சொல்லலாம். ஒரே பிரதியாக இருந்தவை அன்று முற்றாக அழிந்தன. பல இடங்களிற் பிரதி உடையவை மீண்டும் வந்தன. வத்திக்கானில் ஒரு மூலையில் இருந்த அகராதியைக் கோலாலம்பூரில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பியவரின் தொலைநோக்கு, அந்த நெருப்பின் வெளிச்சத்திலே நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது.

நாம் செய்யத்தக்கது

பெரியோர் வாழ்க்கையைப் படித்து வியந்துவிட்டுப் புத்தகத்தை மூடுதல் போதாது. மடத்துவெளியிலிருந்து எழுதும் யாம், எமது ஊரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம்.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். புங்குடுதீவும் வெறுமையாயிற்று. உறுதிகள், கோயிற் கணக்குகள், பள்ளிப் பதிவேடுகள், குடும்பப் படங்கள், கடிதங்கள் எனப் பெட்டிகளில் இருந்தவை பல மறைந்தன. பின்னர் ஒரு பகுதியினரே மீண்டனர். ஏனையோர் கொழும்பிலும் வன்னியிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் வாழ்கின்றனர். இடப்பெயர்வுக்கு முற்பட்ட ஊரை முதிர்ந்த அறிவோடு கண்டவர் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஏட்டில் இருந்தது அழிந்தபின், எஞ்சிய சான்று அவர்தம் நெஞ்சிலேதான் இருக்கின்றது. அதற்குப் பிரதி எடுக்க இயந்திரம் இல்லை. கேட்டு எழுதுவதே வழி.

வயல்களுக்கும் குளங்களுக்கும் துரவுகளுக்கும் வழங்கிய பெயர்கள் எத்தனை! நன்னீர்க் கிணறு எது, உவர்நீர்க் கிணறு எது, எவ்வாண்டுக் கோடையில் எது வற்றியது, தாம்போதி அமையுமுன் வள்ளம் எத்துறையில் நின்றது, தெற்கே கடை வைத்திருந்தார் ஊருக்கு எப்போது வந்து எப்போது திரும்பினர், முருகன் கோயில் திருவிழாவை எவ்வெக் குடியினர் எவ்வெந்நாளில் நடத்தினர் என்பவை எந்த நூலிலும் இல்லை. பெரும்புலவர் எழுதாவிடினும் இவை வரலாறே. நயினாதீவிலுள்ள பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டை நினைக்க. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசி வணிகரையும், உடையும் மரக்கலங்களின் பொருளில் அரசுக்குரிய பங்கையும் பற்றிய ஓர் ஆணையே அது. 12ஆம் நூற்றாண்டில் ஒருவர் அதனைக் கல்லில் வெட்டுவித்தமையால் நமது துறைமுகத்தின் பழமை இன்று ஐயமின்றி நிற்கின்றது.

அடிகளார் நாட்டார் வழக்குத் திரட்டலைத் தமது தலைமைப் பணியாகக் கொண்டாரல்லர். அவர் பெரிதும் நூல்வழிச் சென்றவர். ஆயினும் அவர் கைக்கொண்ட ஒழுங்கு இப்பணிக்கும் பொருந்தும். மாணவர் இவற்றை மனத்திற் கொள்க. இருக்குமிடம் தேடி நேரிற் செல்க. செல்லுமுன் அப்பொருளைப் பற்றி அறியத்தக்கதை அறிந்து செல்க. முதியோரிடம் வினாக்கொத்தை நீட்டாமல், அவர் பேசும் முறையிலேயே பேசவிட்டு, பொறுமையோடு கேட்க. விடையை வினாவினுள்ளே வைத்துக் கேட்டல் ஆகாது; ஆம் என்று சொல்லிவிடுவது நம்மவர் உபசாரம். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுக. திருத்தி எழுதினால் 1554இல் அச்சானது போன்ற ஒலிச்சான்றை இழந்துவிடுவோம். எழுதிய தாளின் தலைப்பில் இடமும் நாளும் சொன்னவர் வயதும் குறிக்க. அவர் இசைவின்றிப் பெயரை வெளியிடற்க. ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடும், உறுதி, கல்வெட்டு, பழைய படம் என்பவற்றோடும் ஒப்பிடுக. முரண்பட்டால் இரண்டையும் எழுதி வைக்க. முடிவில், எழுதியதைப் பல பிரதிகளாக்கி ஊரிலும் வெளியூரிலும் கடல்கடந்தும் வைக்க. இந்நாளில் கைத்தொலைபேசியே ஒலியையும் படத்தையும் பதிகின்றது. அடிகளார் காலத்து அறிஞர்க்குக் கிட்டாத வாய்ப்பு நம் மாணவர் சட்டைப்பையில் இருக்கின்றது. அதனைச் செலுத்தும் ஒழுங்கு ஒன்றே வேண்டற்பாலது.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் எந்நாட்டில் இருப்பினும் உங்கள் பெட்டியில் ஒரு பழைய கடிதமோ, ஒரு நிழற்படமோ, திருவிழா அறிவித்தல் ஒன்றோ இருத்தல் கூடும். அதன் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். நன்கொடையினும் அது நிலைபெறும். பிறர் எழுதிய சான்றைத் தேடி அடிகளார் இலிசுபன் வரை சென்றார். நமது சான்றைத் தேடி நாளை வருவார்க்கு அது கிடைக்கும்படி வைத்தல் நம் கடன்.

தீவில் தோன்றி உலகை வலம்வந்து, தமிழுக்குரிய சான்றுகளை இடமும் காலமும் குறித்துத் தொகுத்துத் தந்த தனிநாயக அடிகளாரின் புகழ் வாழ்க! அவர் காட்டிய நெறியில் நம் மாணவர் சிறக்க!